வேறொரு வீட்டின் பை

அன்னம் சூப்பர் மார்க்கெட் துறையூருக்கு வந்த வருஷத்தில்தான் சௌந்தரவல்லியின் அம்மா போய்ச் சேர்ந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியும், துணி மாற்றியும், முதுகு புண்ணாகாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் போட்டும், பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் அம்மா எழுந்து உட்காரட்டும் பார்க்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியும் அவள் கழித்த காலம் ஒரு வழியாக முடிந்தபோது, அம்மாவும் இல்லை, பெண் கேட்டு வருகிறவர்களும் இல்லை, பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ மட்டும் இருந்தது. அது தானாகப் பேசுமே தவிர, கேட்டால் பதில் சொல்லாது. காலையில் அரிசி மில் ஆபீசுக்குப் போய் டைப் அடித்தாள். சாயங்காலம் திரும்பி வந்து தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி களைந்து போட்டாள். அந்தக் காம்பவுண்டில் இருந்த மற்ற வீடுகளில் பாத்திரம் உருளுகிற சத்தமும், பிள்ளைகளை அதட்டுகிற சத்தமும், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற சத்தமும் சுவரைத் தாண்டி வரும்போது, தன் வீட்டிலும் ஏதாவது கேட்கட்டும் என்று குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டுக்கொள்வாள்.

அன்னத்துக்கு அவள் சாமான் வாங்கப் போகவில்லை, வரிசையில் நிற்கப் போனாள். சனிக்கிழமை சாயங்காலம் ஊரே அங்கே வந்து விழும். பில் போடும் கவுண்டர்களின் முன்னால் வரிசைகள் எண்ணெய் அலமாரி வரைக்கும் வளைந்து கிடக்கும். அவள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இருப்பதிலேயே நீளமானதன் வாலில் போய் ஒட்டிக்கொள்வாள். முன்னால் நிற்கிறவளின் மல்லிகைப்பூ மூக்கில் படும், பின்னால் நிற்கிறவரின் கூடை இடுப்பில் இடிக்கும், யார் வீட்டுக் குழந்தையோ தன் அம்மா என்று நினைத்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடும். "கையில ரெண்டு சாமான்தானே இருக்கு, முன்னால போங்கம்மா" என்று யாராவது வழிவிட்டால், "பரவாயில்லைங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்பாள். அது பொய்யில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை அவள் வாங்கியது கால் கிலோ வெங்காயமும் ஒரு சோப்பும் கொஞ்சம் காபித்தூளும். கவுண்டரில் உட்கார்ந்திருந்த ரெஜினா, அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த பெண், கட்டிலிருந்து ஒரு புதுப் பிளாஸ்டிக் பையை உருவி, ஒட்டிக்கொண்டிருந்த வாயை விரலால் தேய்த்துப் பிரித்து, சாமானைப் போட்டுக் கொடுத்தாள். வெள்ளைப் பை, நீல மையில் ஒரு அன்னம். தண்ணீர்த் தொட்டி முக்கு திரும்பும்போது பை கனத்தது. கை கனக்கிறதோ, மனசுதான் கனக்கிறதோ என்று அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சமையல் மேடையில் வைத்துத் திறந்தால், உள்ளே செம்மண் ஒட்டிய உருளைக்கிழங்கு இருந்தது, வெல்லம் இருந்தது, சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டு பல்துலக்கி இருந்தது, ஆண்பிள்ளை முகம் மழிக்கிற ரேசரும் ஒரு பாக்கெட் பிளேடும் இருந்தன.

அடுத்த வீட்டுச் சாமானை எடுத்து வந்துவிட்டோம் என்று பதறி அவள் அப்படியே தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினாள். ரெஜினா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"இது எங்க கடைச் சாமானே இல்லக்கா. இந்த மாதிரி மண்ணு ஒட்டுன கிழங்கு எங்களுக்கு வராது. இந்த பிளேடு நான் பார்த்ததே இல்லை."

"பின்ன எப்படிம்மா என் பைக்குள்ள வந்துச்சு?"

"எனக்கென்னக்கா தெரியும்? யாரும் கேட்டு வரலை. நீங்களே வெச்சுக்கங்க."

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த வாரம் கடை மேனேஜரே வந்து பையின் வாயை டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். காம்பவுண்டில் எதிர்வீட்டு மரகதம், கைக்குழந்தைக்காரி, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பையின் ஒரு காதைத் தான் பிடித்தபடி கூடவே நடந்துவந்தாள். தண்ணீர்த் தொட்டி முக்கில், "யக்கா, கனக்குது" என்றாள். அவ்வளவுதான். வீட்டில் டேப்பைக் கிழித்துப் பார்த்தால் ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு வாரம் காணுகிற சாமான் உள்ளே இருந்தது. துணிப்பையில் வாங்கிப் பார்த்தாள், வாங்கியது வாங்கியபடி வீடு வந்து சேர்ந்தது. ஒருமுறை வந்துபோன பையை மறுபடி கொண்டுபோய் அதில் வாங்கிப் பார்த்தாள், அதுவும் மாறவில்லை. கட்டிலிருந்து புதிதாக உருவிய பைதான் மாறியது, அதுவும் அவள் கையில் மட்டும்தான் மாறியது. வேறு யார் கையிலும் பை பையாகவே இருந்தது.

எந்த ஊரும் ஒரு ஆச்சரியத்தை ரொம்ப நாளைக்கு ஆச்சரியமாக வைத்துக்கொள்ளாது. முதலில் கூட்டம் கூடிப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் இருவர் வந்து பார்த்தார்கள், பிறகு சௌந்தரவல்லி வீட்டுப் பை அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். ஒருத்தி வீட்டு மாடு கொஞ்சம் முட்டும், ஒருத்தர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், இவள் வீட்டுப் பை மாறும். அவள் பிளேடைத் தபால்காரர் அந்தோணிசாமிக்குக் கொடுத்தாள், உருளைக்கிழங்கைக் காம்பவுண்டில் பங்கு போட்டாள், பச்சைப் பல்துலக்கியைத் தனக்கு வைத்துக்கொண்டாள். சிவப்பை என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் டம்ளரில் பக்கத்திலேயே போட்டுவைத்தாள்.

ஒரு நாள் பையில் எலுமிச்சம்பழமும் நார்த்தங்காய் ஊறுகாயும் புளிப்பு மிட்டாயுமாக வந்தன. மரகதம் அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யக்கா, முழுகாம இருக்கா."

"யாருடி?"

"யாருன்னு கேட்டா? உங்க பைக்காரிதான்."

அதன் பிறகு வாராவாரம் காம்பவுண்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து பையைப் பார்த்து மாசம் சொன்னார்கள். கண்ணாடி வளையல் பெட்டி பெட்டியாக வந்த வாரம், அது வளைகாப்புக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. முற்றத்தில் கோலம் போட்டு, கலந்த சாதம் கிண்டி, ஆளுக்கு ஒரு டஜன் வளையல் அடுக்கிக்கொண்டார்கள். நடுவில் உட்கார ஆள் இல்லாததால் பலகை போட்டு அதன்மேல் பையை வைத்தார்கள். யாரோ ஒருத்தி நீல அன்னத்தின் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். மூத்த சுமங்கலி பாட்டுப் பாடினாள். சௌந்தரவல்லிக்கு அங்கே தான் நாத்தனாரா, தாயா, இல்லை அந்தப் பெண்ணேதானா என்று தெரியவில்லை. கையை நீட்டு என்றார்கள், நீட்டினாள். வளையல் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவள் குழாயைத் திறந்துவிடவில்லை, வளையல் சத்தமே போதுமாயிருந்தது.

பூண்டும் சுக்கும் பெருங்காயமும் பனங்கருப்பட்டியும் வந்த வாரம், "பொறந்துருச்சு" என்றார்கள். பொம்பளைப் பிள்ளை என்று தெரிய வெகுநாள் ஆயிற்று, ரிப்பன் வந்த பிறகுதான் தெரிந்தது. மரகதத்தின் பிள்ளைகள் அதற்குப் பைப்பாப்பா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் காம்பவுண்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அன்னத்தின் பில் வரிசை வரைக்கும் போயிற்று. முகம் தெரியாதவர்களெல்லாம் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு அவளிடம் விசாரித்தார்கள்.

"பைப்பாப்பாவுக்குப் பல்லு மொளைச்சிருச்சாம்மா?"

"இந்த வாரம் ரஸ்க் வந்துச்சுங்க. மொளைச்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

"ரஸ்க்கப் பால்ல ஊற வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க. விக்கிக்கும்."

"சொல்றேங்க" என்பாள். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று அவர்களும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து பையைக் கொட்டி, தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதில் ஒன்றுமே அவளுடையதாக இருக்காது. பவுடர் மரகதம் வீட்டுக் குழந்தைக்குப் போகும், பால் மாவு தெருக்கோடிப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் போகும், சிலேட்டுக் குச்சி யார் பிள்ளைக்காவது போகும், எல்லோருக்கும் சாமான் கிடைக்கும், அவளுக்குச் சேதி மட்டும் கிடைக்கும். அந்தச் சேதியை வைத்துக்கொண்டு அவள் வாரம் முழுவதும் காலம் தள்ளினாள். ஒருமுறை காய்ச்சல் மாத்திரையும் பார்லியும் ரொட்டியும் தவிர வேறெதுவும் வரவில்லை. அன்றிலிருந்து அடுத்த சனிக்கிழமை வரை அவள் மில் ஆபீசில் அடித்த கடிதமெல்லாம் பிழை. காய்ச்சல் விட்டதா, சோறு தின்றதா, ராத்திரி யார் விழித்திருந்தது என்று கேட்க ஒருவரும் இல்லை. தொட்டுப் பார்க்கலாமென்றால் நெற்றி இல்லை. ஈரத்துணியைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே போடுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த பையில் வண்ணப் பென்சிலும் கமர்கட்டும் வந்தபோது அவள் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தெருவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "பாப்பாவுக்குச் சரியாயிருச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள்.

வருஷங்கள் போயின. பாவாடைக்கு நாடா வந்தது, ஜியோமெட்ரி பாக்ஸ் வந்தது, ஒரு வாரம் உளுந்தும் நல்லெண்ணெயும் நாட்டுமுட்டையும் வந்து, பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று காம்பவுண்டே குலவை போட்டது. ரெஜினா கல்யாணமாகி, மூக்குக் கண்ணாடி போட்டு, கவுண்டர்களுக்கெல்லாம் சூப்பர்வைசர் ஆனாள். அதற்குப் பிந்திய மழைக்காலத்தில் பிளேடு வருவது நின்றுபோயிற்று.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. அந்தோணிசாமிதான் தாடையைத் தடவிக்கொண்டே வந்து கேட்டார். "என்னம்மா, ரொம்ப நாளா பிளேடைக் காணோம்?" அப்போதுதான் சௌந்தரவல்லிக்கு உறைத்தது. பிளேடு மட்டுமில்லை. ஆண்பிள்ளை சோப்பு இல்லை. அந்த ஆள் விரும்பித் தின்கிற காராச்சேவு இல்லை. அரிசி பாதியாகி, பருப்பு கால்வாசியாகி, எண்ணெய் சின்னப் பாக்கெட்டாகச் சுருங்கியிருந்தது.

காம்பவுண்டுப் பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். வந்து கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மரகதம் அவளைக் கட்டிக்கொண்டு ஒரு குரல் அழுதாள். அந்தோணிசாமி மட்டும் வாசலில் நின்றபடி, "ஏம்மா வீணா மனசப் போட்டுக் கொழப்பிக்கிறீங்க? துபாய், மஸ்கட்டுன்னு பொழைக்கப் போயிருப்பான். பிளேடை அங்கயே வாங்கிக்குவான்ல" என்றார். அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் எல்லோரும் போன பிறகு அழுகை வந்தது. தன் கழுத்தில் தாலி ஏறியதே இல்லை, அந்த ஆளின் முகம் தெரியாது, பெயர் தெரியாது. தான் அழலாமா, அழ உரிமை உண்டா என்று தெரியாமலே அழுது முடித்துவிட்டு, எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, பையில் வந்த அரிசியில் ஒரு பிடி களைந்து போட்டாள்.

அதற்குச் சில வருஷம் கழித்துத் தை மாசத்தில் சர்க்கார் பிளாஸ்டிக் பையை ஒழித்தது. அன்னத்தின் வாசலில் பெரிதாக எழுதி ஒட்டினார்கள். பை கொண்டு வராதவர்களுக்குக் கவுண்டரில் மஞ்சள் துணிப்பை கொடுத்தார்கள். கட்டுக்கட்டாக இருந்த வெள்ளைப் பைகளை ஒரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. சௌந்தரவல்லி தன் கால் கிலோ சாமானை மஞ்சள் பையில் வாங்கி வந்து மேடையில் கொட்டினாள். அவள் வாங்கியதுதான் இருந்தது. அந்தப் பெண் அப்போது பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்த பையில் கிராப் தாளும் இரண்டு நீலப் பேனாவும் இருந்தன. பரீட்சை எழுதினாளா, பாஸானாளா, மேலே படிக்க வைத்தார்களா என்று இனி தெரியப்போவதில்லை.

காம்பவுண்டில் ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற, பைகளைத் திணித்து வைத்த பையைக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டினார்கள். குன்றாகக் குவிந்தது. எல்லாம் ஒருமுறையாவது எதையாவது சுமந்த பைகள். ஒன்றும் உதவவில்லை. அவள் சனிக்கிழமை தோறும் போய், வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "ஒரே ஒரு புதுப் பை இருக்குமா?" என்று கேட்டாள். ரெஜினா பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள். பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள்.

பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் ரெஜினா மில் ஆபீசுக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். பழைய கவுண்டர் மேசையைக் கழற்றும்போது இழுப்பறைக்குப் பின்னால் மடிந்து ஒட்டிக்கொண்டு ஒரு பை கிடைத்திருந்தது. பிரிக்காதது, காது கசங்காதது. ரெஜினா அதைத் தன் மடியில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"இது ஒண்ணுதான்க்கா. இதுக்கு மேல இல்லை."

"போதும்மா. போதும்." சௌந்தரவல்லி கூடையை எடுக்கத் திரும்பினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க." ரெஜினா கண்ணாடியைக் கழற்றினாள். "அவங்க சாமான் உங்ககிட்ட வருது. நீங்க வாங்குன சாமான் எங்கக்கா போவுது?"

இத்தனை வருஷத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. சௌந்தரவல்லி பக்கத்தில் இருந்த அரிசி மூட்டையின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். கால் கிலோ வெங்காயம். ஒரு சோப்பு. ஒரு வாழைக்காய். ஒரு முட்டை. குழந்தைக்குப் பால் மாவு வாங்கிக்கொண்டு போன ஒருத்தி வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால் உள்ளே அது.

"ஐயோ, அந்தப் புள்ள வாயில மண்ணைப் போட்டுட்டேனே ரெஜினா. அது சோத்தையெல்லாம் நான் வாங்கி ஊருக்குப் பங்கு வெச்சேனே."

"அப்படிச் சொல்லாதீங்க. துணிப்பையில வாங்குனா மாறாதுன்னு நமக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சுல்ல? அவங்களுக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? வேணாம்னா அவங்க நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலையே. வேற பையில அவங்களுக்கு வாங்கிக்கிட்டு, இதை உங்களுக்குன்னு விட்டிருப்பாங்க."

"எனக்கு எதுக்குடி பிளேடும் பால் மாவும்?"

"நாங்க இப்படி இருக்கோம்னு சொல்லத்தான். நீங்களும் அதைத்தானேக்கா சொன்னீங்க. ஒரு முட்டை, ஒரு வாழைக்காய்னு."

சௌந்தரவல்லி எழுந்து, கூடையை எடுக்காமல், தன் ஆயுசில் முதன்முறையாக ஒரு தள்ளுவண்டியை இழுத்தாள்.

என்ன வாங்குவது என்று தெரியாமல் அலமாரி அலமாரியாகச் சுற்றினாள். பேரீச்சம்பழம் எடுத்தாள், பாதாம்பருப்பு எடுத்தாள், துவரம்பருப்பும் நெய்யும் எடுத்தாள், நல்ல பேனாவாக ஒரு டப்பா எடுத்தாள். வரிசையில் போய் நின்றபோது சேதி அதற்குள் வரிசை முழுக்கப் பரவியிருந்தது. எல்லோரும் தங்கள் கூடையை விட்டுவிட்டு அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"இவ்வளவும் அந்தப் பையில கொள்ளாதும்மா. அடி கிழிஞ்சிரும்."

"பருப்பை எடுத்துருங்க. பருப்பு எங்கயும் கெடைக்கும்."

"காலேஜ் போற புள்ளைக்கு ஒரு தோள்பை வாங்கலாம்ல?"

"பைக்குள்ள பையா? எடத்த அடைச்சுக்கும்."

மரகதம் வேறு வந்து சேர்ந்துகொண்டாள். "யக்கா, ஒரு காயிதத்துல நாலு வரி எழுதிப் போடுங்களேன்." சௌந்தரவல்லி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். யார் என்று எழுதுவது? எந்த உறவை எழுதுவது?

அவள் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் பையில் புருஷனுக்கு வந்தது, பிள்ளைக்கு வந்தது. பிரசவ மருந்துக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கென்று, அந்தத் தாய்க்கென்று, எதுவுமே வந்ததில்லை. அவள் தனக்கென்று ஒன்றும் வாங்கிக்கொண்டதே இல்லை. சௌந்தரவல்லி வரிசையை விட்டு விலகிப் போய், ஒரு வாசனைச் சோப்பு, ஒரு பவுடர் டப்பா, ஒரு கண்மை எடுத்தாள். பொட்டு அட்டைகள் தொங்குகிற இடத்தில் கை நின்றது. பின்னால் பேச்சும் நின்றது. அந்த ஆள் இருக்கிறானோ இல்லையோ, ஒருவருக்கும் தெரியாது. அவள் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு வந்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். வரிசையில் ஒரு கிழவர், "நல்லதும்மா" என்றார்.

ரெஜினா பையின் வாயைத் தேய்த்துப் பிரித்து, கனமானதை அடியிலும் நசுங்குவதை மேலேயுமாக அடுக்கினாள். துவரம்பருப்பைத் தவிர எல்லாம் கொண்டது. சௌந்தரவல்லி பையைக் காதில் பிடித்துத் தூக்கவில்லை, அடியில் கை கொடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். தெருவில் ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. மரகதம் இரண்டு அடி பின்னால் வந்தாள். தண்ணீர்த் தொட்டி முக்கு திரும்பியபோது கை சட்டென்று லேசாகிவிட்டது.

"யக்கா, கிழிஞ்சிருச்சா?"

"இல்ல. போயிருச்சு."

வீட்டுக்குள் வந்து கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். அரிசி இல்லை, பருப்பு இல்லை, பரீட்சைக்கான சாமான் ஒன்றும் இல்லை. மூட்டுவலித் தைலம் ஒரு புட்டி இருந்தது. பை நின்றுபோகும்வரை ஒரு வருஷமாக அவள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கக் கல் உப்பு வாங்கிக்கொண்டிருந்தாள், அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை மரகதத்திடம்கூடச் சொன்னதில்லை. ஒரு சின்ன டார்ச் லைட் இருந்தது. கரண்டு போகிற நாளுக்கென்று அவள் ஒற்றை ஒற்றையாக மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருந்ததை அங்கே யாரோ வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் அடியில், ஒரு பாக்கெட் கடலை மிட்டாய்.

பாக்கெட் பிரித்திருந்தது. இத்தனை வருஷமாக வந்த சாமானில் பிரித்தது ஒன்றுகூட வந்ததில்லை. பாதியைத் தின்றுவிட்டு, மீதியை நமுத்துப் போகாமல் வாயை மடித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். ரப்பர் பேண்டில் நீளமாக ஒற்றைத் தலைமுடி சிக்கியிருந்தது, கன்னங்கரேலென்று, எண்ணெய் தேய்த்த முடி. ஒரு மிட்டாயின் ஓரத்தில் பல் பட்டிருந்தது. முழுசாகக் கடிக்கப் போய், பிறகு நினைத்துக்கொண்டு உள்ளே போட்டது மாதிரி.

சௌந்தரவல்லி அந்த முடியை விரலில் சுற்றிப் பார்த்தாள். பல் பட்ட மிட்டாயை எடுத்து, அந்த ஓரத்திலிருந்தே கடித்தாள். காலியான பை விசிறிக் காற்றில் தரையில் நகர்ந்து சுவரோரமாய்ப் போய் ஒண்டிக்கொண்டது. அதை அவள் பார்க்கவில்லை.

வாசலில் காம்பவுண்டுப் பெண்கள் வந்து நிற்கிற நிழல் விழுந்தது. வழக்கமாகப் பங்குக்கு வருகிறவர்கள்தான், அன்றைக்குக் கையில் பாத்திரம் இல்லாமல் வந்திருந்தார்கள். மரகதம் கதவைத் தள்ளித் தலையை மட்டும் நீட்டினாள்.

"என்னக்கா வந்துருக்கு? யாருக்கு வந்துருக்கு?"

வாயில் இருந்ததை அவள் நிதானமாக மென்று விழுங்கினாள். மீதி மிட்டாயை எடுத்து மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"எனக்குடி" என்றாள். "எனக்கு வந்துருக்கு."